விரலுக்குத் தெரிகிற கோடு

ஜனவரி 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் உன் அண்ணியும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? குளிர் வந்தாலே உன்னைப் பிடிக்கிற இருமல் இந்த வருஷமும் வந்துவிட்டதா? நாற்பது தாண்டியவளை இன்னும் பாப்பா என்று எழுத வெட்கமாக இல்லையா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். இல்லை.

உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். கம்பெனியில் நான் ஓட்டுகிற மில்லிங் மெஷினுக்குக் கிட்டத்தட்ட என் வயது. அதன் கைச்சக்கரத்தில், துண்டு வைக்கிற மேசை நகரும் அளவைக் காட்டுகிற டயல் வளையம் தேய்ந்து, கோடும் எண்ணும் இருந்த இடமே தெரியவில்லை. உன் பட்டறையில் இருக்கிற சின்ன மில்லிங் மெஷினில் பித்தளையில் ஒரு வளையம் செய்து, நூறு கோடு வெட்டித் தர முடியுமா? அளவோடு படம் போட்டு இதனுடன் வைத்திருக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் படத்தை எப்படிச் சொல்வது?

ஒன்றே ஒன்று. கோடு நல்ல ஆழமாக இருக்கட்டும். நீ வழக்கமாகப் பெயர்ப்பலகைக்கு வெட்டுகிற மாதிரி கீறிவிட்டு அனுப்பாதே. அரை மில்லிமீட்டர் இறங்கட்டும்.

என்னோடு ஜோடியாக வேலை பார்க்கிற சங்குவைத் தெரியுமல்லவா, உன் கல்யாணத்தில் மைக் இல்லாமலேயே எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டானே, அவன் உன்னை விசாரித்தான். அவன் குரல் இன்னும் இறங்கவில்லை. எட்டு மெஷின் ஓடினாலும் அவன் சொல்வது வாசல் காவலாளிக்குக் கேட்கும்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

*

ஜனவரி 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருமல் வந்து, இருந்து, போயும்விட்டது. அவர் நலம். ஆர்டர் பிடிக்கிறேன் என்று வண்டியில் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். அண்ணியின் முழங்கால் வலி எப்படி? அதைப்பற்றி நீங்கள் ஒரு வரி எழுதக்கூடாதா?

வளையத்தை இன்று பார்சல் போட்டுவிட்டேன். உங்களைத் திட்டிக்கொண்டேதான் செய்தேன். அரை மில்லிமீட்டர் ஆழம் என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். நான் வைத்திருப்பது அறுபது டிகிரி கூர்க் கட்டர். ஆழம் போகப் போக அது அகலமாகவும் வெட்டும். அரை மில்லிமீட்டர் இறக்கினால் ஒவ்வொரு கோடும் வாய்க்கால் மாதிரி ஆகி, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் பாதி இடம்தான் மிஞ்சும். அதனால் முப்பது டிகிரி கட்டர் வாங்கினேன். அதன் முனை ஊசி. பெல்ட்டை மேல்படிக்கு மாற்றி மெஷினை அதன் முழு வேகத்தில் ஓட்டினேன். அவ்வளவு சின்ன முனைக்கு அந்த வேகமும் போதவில்லை. தள்ளுகிற ஃபீடைக் கொஞ்சம் அவசரப்படுத்தினால் முனை பறந்துவிடுகிறது. ரொம்பப் பயந்து தள்ளினால் வெட்டாமல் தேய்த்துக்கொண்டு போய் மழுங்கிவிடுகிறது. மூன்று முனை போன பிறகுதான் கை பழகிற்று. ஒவ்வொரு கோட்டையும் இரண்டு தடவையாக இறக்கியிருக்கிறேன்.

கண்ணால் படிக்க இதில் கால்வாசி ஆழம் போதும் அண்ணா. எதற்கு இவ்வளவு? உங்கள் கம்பெனியில் ஒரு வளையம் வாங்கித்தர மாட்டார்களா?

சங்கு அண்ணனுக்கு என் வணக்கம். அவர் பதில் வணக்கம் சொன்னால் எனக்கு இங்கேயே கேட்டுவிடும்.

பாப்பா

*

பிப்ரவரி 8

அன்புள்ள பாப்பாவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? அண்ணிக்கு முழங்கால் பரவாயில்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள், படியை நான் கட்டியது போல.

வளையம் வந்தது. அச்சாகப் பொருந்திவிட்டது. நகத்தை வைத்தால் கோட்டில் நிற்கிறது. அதுதான் வேண்டியிருந்தது. கோட்டின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பிசிறு. முதல் நாளே ஆள்காட்டி விரலைக் கிழித்துவிட்டது. சங்கு பார்த்துவிட்டு, "ஏன்டா, டயலைப் பாக்கச் சொன்னா தடவிக்கிட்டு இருக்க, அது என்ன பூனைக்குட்டியா?" என்றான்.

எங்கள் கம்பெனியில் வெளிச்சம் சரியில்லை. கூரையின் கண்ணாடி ஓட்டில் புகை படிந்து கிடக்கிறது. துடைக்க ஆளில்லை. அதனால்தான் ஆழமாகக் கேட்டேன். வேறொன்றும் இல்லை. இப்போதெல்லாம் வரைபடத்தைச் சங்குதான் சத்தமாகப் படிக்கிறான். அவனுக்குப் படிக்க ஆசை, எனக்குக் கேட்க ஆசை.

மேசையைக் குறுக்கே நகர்த்துகிற சக்கரத்துக்கும் ஒரு வளையம் வேண்டும். ஒவ்வொரு பத்தாவது கோடும் மற்றதைவிட வேறாகத் தெரிய வேண்டும். பூஜ்யம் எங்கே என்று தேடாமல் கை போகிற மாதிரி இருக்க வேண்டும். எண் வெட்டாவிட்டாலும் பரவாயில்லை. அதை யார் பார்க்கிறார்கள்?

மாப்பிள்ளைக்கு என் அன்பு.

அண்ணன்

*

பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

விரல் காயம் ஆறிவிட்டதா? பிசிறைக் கல்லால் தேய்த்து எடுக்காமல் அனுப்பியது என் தப்பு. இங்கே நாங்கள் நலம்.

உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று தடவை படித்தேன். பேனாவை மாற்றிவிட்டீர்களா? எழுத்து பெரிதாக இருக்கிறது. வரிகள் கடைசியில் கீழே சரிந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன. உங்கள் கையெழுத்தைக் காட்டித்தான் வாத்தியார் என்னை அடிப்பார். அதனால் கேட்டேன்.

புது வளையம் இதனுடன் வருகிறது. உங்களைக் கேட்காமல் ஒன்று செய்திருக்கிறேன். பத்தாவது கோடுகளைப் பள்ளமாக வெட்டவில்லை. சுற்றியுள்ள பித்தளையை எடுத்துவிட்டு மேடாக விட்டிருக்கிறேன். ஐந்தாவது கோடு சின்ன மேடு. பூஜ்யத்துக்கு இரண்டு மேடு, பக்கத்தில் பக்கத்தில். இதற்குக் கூர்க் கட்டர் ஆகாது. அடி தட்டையான கட்டர் போட்டேன். அதன் முனை தடிமன். முறியுமோ என்ற பயம் இல்லாமல் ஃபீடைத் தாராளமாகக் கொடுக்கலாம். நடுவில் உள்ள மற்ற கோடுகளுக்கு மட்டும் பழைய ஊசிமுனை. எல்லா ஓரத்தையும் கல்லால் தேய்த்து, என் விரலாலேயே சுற்றிப் பார்த்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு.

விரலுக்குப் பள்ளத்தைவிட மேடு நன்றாகத் தெரியும் அண்ணா.

அண்ணிக்கு என் அன்பு. பதில் போடுங்கள்.

பாப்பா

*

ஏப்ரல் 3

பாப்பாவுக்கு,

சுகம்தானே? பதில் எழுத நாளாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே.

மேடு நன்றாக இருக்கிறது. மாட்டிய அன்று, ஒரு மணி நேரம் வேலை செய்த பிறகுதான், நான் டயல் பக்கம் திரும்பவே இல்லை என்று தெரிந்தது. அளவு எதுவும் தப்பவில்லை. ஃபோர்மேன் வந்து நான் வெட்டிய துண்டை அளந்து பார்த்துவிட்டு, "உங்க கைக்கு வயசே ஆகல" என்றார். சங்கு சிரிக்கவில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தானாம். அவனே பிறகு சொன்னான்.

பேனாவைத் தவிர நீ எதுவும் கேட்கவில்லை. அதுவே போதும்.

முதல் வளையம் தேய்கிறது. பித்தளை, விரல் பட்டுப் பட்டு வழுவழுப்பாகிவிட்டது. அதை எஃகில் செய்ய முடியுமா? இதே மாதிரி மேடு வைத்து. அவசரமில்லை, ஆனால் சீக்கிரம் கிடைத்தால் நல்லது.

அண்ணியிடம் நான் வளையம் பற்றிப் பேசுவதில்லை. நீயும் அவளுக்கு எழுதும்போது எழுத வேண்டாம்.

அண்ணன்

*

ஏப்ரல் 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீங்களும் அண்ணியும் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் எழுத உட்கார்ந்தேன்.

எஃகு வளையம் முடிந்தது. பித்தளையை வெட்டுவது போல எஃகை வெட்ட முடியாது. கார்பைடு கட்டர் போட்டு, வேகத்தைக் குறைத்து, எண்ணெய் விட்டு, ஒரு முடி அளவுதான் ஒவ்வொரு தடவையும் இறக்க வேண்டும். நடுவில் நின்று யோசிக்கவும் கூடாது. நின்றால் கட்டர் ஒரே இடத்தில் தேய்த்துப் பளபளவென்று கெட்டியாக்கிவிடும். மறுபடி இறக்கும்போது முனை போய்விடும். எனக்கு இந்தத் தடவை நடுவில் நிறைய யோசனை வந்தது. மூன்று கட்டர் போயிற்று.

அண்ணா, ஒன்று சொன்னால் கோபப்படக் கூடாது. வளையம் மேசை எவ்வளவு நகர்ந்தது என்று சொல்லும். கட்டருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. பக்கத்தில் எப்போதும் சங்கு அண்ணன் இருக்கிறார் அல்லவா? மெஷினைப் போடுவதற்கு முன்னால் அவர் ஏதாவது சொல்கிறாரா?

கோடைக்கு இங்கே வந்து ஒரு மாதம் இருங்களேன். இந்த ஊரில் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். அண்ணியின் முழங்காலைக் காட்டலாம்.

அவர் உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்.

பாப்பா

*

மே 20

அன்புள்ள பாப்பாவுக்கு, அண்ணி எழுதிக்கொள்வது.

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உன் அண்ணனுக்கு உடம்பில் காயம் எதுவும் இல்லை. பதறாமல் மேலே படி.

போன வாரம் கம்பெனியில் சங்குவின் வலது கை கட்டரில் மாட்டிவிட்டது. இரண்டு விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உயிருக்கு ஒன்றுமில்லை.

உன் அண்ணன் ஓட்டுகிற மெஷின்தான். துண்டைப் பிடிக்கிற வைஸில் கிடந்த இரும்புச் சீவலைச் சங்கு பிரஷ்ஷால் தள்ளிக்கொண்டிருந்தாராம். கையை எடுத்துவிட்டு அவர் "சரி" என்று சொன்ன பிறகுதான் இவர் ஸ்விட்சைப் போடுவார். அப்படி ஒரு ஏற்பாடு இவர்களுக்குள் இருந்திருக்கிறது. அன்றைக்கு அடுத்த மெஷினில் யாரோ யாரிடமோ "சரி" என்று சொல்லியிருக்கிறார்கள். இவர் போட்டுவிட்டார்.

ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். "தெரியல" என்றார். என்ன தெரியவில்லை என்று கேட்டேன். அதற்குத்தான் உட்கார்ந்து அழுதார். பாப்பா, இவரோடு இருபத்தாறு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். சோற்றில் முடி கிடந்தால் சத்தம் போடுகிற மனுஷன் சில மாதமாக எதைப் போட்டாலும் பேசாமல் சாப்பிடுகிறார், வயது வந்து நிதானம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு கண்ணிலும் பக்கவாட்டில் ஒன்றுமே தெரியாதாம். நடுவிலும் புகை மூட்டமாம். ஒன்றரை வருஷமாக!

சங்கு, தான்தான் கவனமில்லாமல் கையை வைத்துவிட்டதாக ஃபோர்மேனிடம் சொல்லிவிட்டார். இவர் பெயரை எடுக்கவே இல்லை. கம்பெனியில் எல்லாரும் இவருக்கு ஆறுதல் சொல்கிறார்களாம். அதைக் கேட்டுவிட்டு வந்து சாப்பிட மாட்டேன் என்கிறார்.

மெஷினில் உன் கையால் செய்த வளையம் இருக்கிறதாம். இப்போதுதான் சொன்னார். உனக்குத் தெரியுமா பாப்பா? உன்னைக் குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அண்ணி

*

மே 28

அன்புள்ள அண்ணா, அண்ணி இருவருக்கும்,

சுகம் விசாரிக்க இது நேரமில்லை. அண்ணி, இதை அண்ணனுக்கு நீங்களே படித்துக் காட்டுங்கள்.

எனக்குத் தெரியும் அண்ணி. இரண்டாவது வளையம் கேட்டு வந்த கடிதத்தைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது. தெரிந்துதான் மேடு வைத்துச் செய்தேன். நிறுத்துங்கள் என்று எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். எழுதினால் அண்ணன் வேலையை விட்டுவிடுவார், விட்டால் உடைந்துபோய்விடுவார் என்று நினைத்து, முழங்காலைக் காட்ட வாருங்கள் என்று எழுதினேன். என்னைவிட நன்றாக யாரும் செய்துவிட முடியாது என்று அந்த எஃகு வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் பெருமையும் பட்டேன். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது என் கையையே பிடிக்கவில்லை. சங்கு அண்ணனின் விரலில் எனக்கும் பங்கு உண்டு. இதற்கு யாரும் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம்.

அண்ணா, சங்கு அண்ணன் உங்களுக்காகச் சொன்ன பொய்யை எத்தனை நாள் வைத்துக்கொண்டிருக்கப் போகிறீர்கள்? மறுபடி போய் அந்த மெஷின் முன்னால் நிற்பீர்களா? அடுத்த ஜோடியாக யாரைப் போடுவார்கள்? அவருக்கு உங்கள் "சரி" தெரியுமா?

என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த வாரம் நான் கிளம்பி வரட்டுமா?

பாப்பா

*

ஜூன் 22

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் சொல்லச் சொல்ல அண்ணி எழுதுகிறாள். தன் இஷ்டத்துக்கு எதையும் சேர்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். சேர்த்தால் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறாள். நீ உடம்பைப் பார்த்துக்கொள். இப்போது வர வேண்டாம். முதலில் எல்லாவற்றையும் நானே முடித்துவிடுகிறேன்.

ஃபோர்மேனிடம் போய்ச் சொல்லிவிட்டேன். கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். நாற்காலி எங்கே என்று கையால் தடவியதைப் பார்த்திருப்பார் போல. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "எவ்வளவு நாளா?" என்று கேட்டார்.

"ஒண்ணரை வருஷம் இருக்கும்" என்றேன்.

"அப்ப நான் பாராட்டினப்போ?"

"அப்பவும்தான்."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இனிமே உள்ள வராதீங்க. கணக்கை முடிச்சு வீட்டுக்கு அனுப்பச் சொல்றேன்" என்றார். வெளியே வந்தபோது உன் வளையங்களைக் கழற்றி ஒரு காகிதப் பையில் போட்டு யாரோ என் கையில் கொடுத்தார்கள்.

அங்கிருந்து நேரே சங்கு வீட்டுக்குப் போனேன். அண்ணிதான் கூட்டிக்கொண்டு போனாள். அவன் மனைவி கதவைத் திறந்தாள், வா என்று சொல்லவில்லை. உள்ளே போனோம். நான் செய்துவிட்டு வந்ததைச் சொன்னேன். அவன் முதல் முறையாக என்னிடம் மெதுவாகப் பேசினான். காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது.

"என்னைக் கேட்டியா? போறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டியா? உன் வேலையாவது மிஞ்சட்டும்னுதான் அப்படிச் சொன்னேன். ரெண்டு விரலைக் குடுத்து ஒண்ணை வாங்கி வச்சேன். அதையும் கொண்டுபோய்க் கொட்டிட்டு வந்து நிக்கிற."

"உன் மேல பழி இருக்கும்போது நான் எப்படிடா சோறு திங்கிறது?" என்று கேட்டேன்.

"நல்லாத் தின்னிருக்கலாம். இப்ப ரெண்டு பேரும் பட்டினி. போடா."

போகச் சொன்னவனிடம் நான் என்ன பேசுவது? வந்துவிட்டோம். பிறகு இரண்டு முறை அண்ணி போய்ப் பார்த்தாள். கதவு திறக்கவில்லை.

கண் டாக்டரிடமும் போய்விட்டேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கருகிவிட்டதாம். போன பார்வை போனதுதானாம். இருக்கிறதைச் சொட்டு மருந்து போட்டு முடிந்தவரை காப்பாற்றலாம் என்றார். இது ரத்தத்தில் வருகிற வியாதி, வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். அப்பாவைச் சொன்னேன். கடைசிக் காலத்தில் வயதுக் கோளாறு என்று நாம் நினைத்தோமே, இதுதான் போலிருக்கிறது. கூடப் பிறந்தவர்கள் உடனே காட்ட வேண்டும், ஆரம்பத்தில் வலியோ வேறு அடையாளமோ இருக்காது, தெரிய வரும்போது பாதி போயிருக்கும் என்று சொல்லியிருக்கிறார்.

பாப்பா, உடனே போய்க் காட்டு. காட்டிவிட்டு எழுது.

அண்ணன்

*

ஜூலை 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். சொட்டு மருந்தை மறக்காமல் போடுகிறீர்களா? அண்ணி, அவர் போட்டுவிட்டேன் என்று சொன்னால் நம்பாதீர்கள், நீங்களே போட்டுவிடுங்கள்.

கடிதம் கிடைத்தது. நீங்கள் செய்தது சரிதான் என்று எழுத எனக்கு என்ன தகுதி இருக்கிறது? ஆனாலும் படித்துவிட்டு ரொம்ப நேரம் நிம்மதியாக அழுதேன். இவர் பயந்துபோய் டீ போட்டுக் கொடுத்தார். அதில் சர்க்கரை இல்லை.

சங்கு அண்ணனுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினேன், என் பங்கைச் சொல்லி. பதில் வரவில்லை. அவர் எந்தக் கையால் எழுதுவார்? அனுப்பிய பிறகுதான் அது உறைத்தது.

இங்கே வேலை நிறைய. ஒரு பள்ளிக்கூடத்துக்கு அலுமினியத் தகட்டில் அறைப் பெயர்கள். அலுமினியம் கட்டர் முனையில் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு உயிரை வாங்குகிறது. மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டு வெட்டுகிறேன். இந்த மாதம் முழுக்க அதற்கே சரியாகிவிடும்.

அந்தக் காகிதப் பையை எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். என்ன செய்வதென்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பாப்பா

*

ஜூலை 16

பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுகிறாள். நாங்கள் இருக்கிறோம்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். பள்ளிக்கூடம் இருக்கிறது, அலுமினியம் இருக்கிறது, மண்ணெண்ணெய் இருக்கிறது. நான் கேட்டதற்குப் பதில் இல்லை. அவள் ஒரு வரியை விட்டுவிட்டாளோ என்று மூன்றாவது தடவையும் படிக்கச் சொன்னேன்.

நேற்று சங்கு வந்தான். கதவு திறந்து கிடந்தது. யாரோ உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்தார்கள். கடையிலிருந்து அண்ணி வந்துவிட்டாள் என்று நினைத்து ஏதோ சொன்னேன். பதில் இல்லை. பீடி வாசனை வந்தது. "சங்கு?" என்றேன். "ம்" என்றான். அவ்வளவுதான். அண்ணி வந்து டீ கொடுத்தாள். இடது கையால் குடித்தானாம். சிந்தியதாம். அவள் துடைக்கப் போனதற்கு வேண்டாம் என்று கை காட்டினானாம். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். எழுந்து போகும்போது என் தோளில் கையை வைத்தான். வலது கை. மிச்சமிருக்கிற விரல்கள் எவை என்று எனக்குத் தெரிந்தது.

மறுபடி வருவானா தெரியாது. வர வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

பாப்பா, நான் ஒன்றரை வருஷம் கண் விஷயத்தை மறைத்துவிட்டு, உனக்கு வெளிச்சம் சரியில்லை என்று எழுதினேன். நீ எனக்கு அலுமினியம் என்று எழுதாதே. போய்க் காட்டு.

அண்ணன்

*

ஆகஸ்ட் 9

அன்புள்ள அண்ணிக்கு,

வழக்கமாக அண்ணனுக்குத்தான் எழுதுவேன். இதை உங்களுக்கு எழுதுகிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் முதலில் நீங்கள் மட்டும் மனதுக்குள் படித்துவிடுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், கையெழுத்து புரியவில்லை, இருங்கள் என்று சொல்லுங்கள்.

போய்க் காட்டினேன். என் வீட்டுக்காரரும் கூட வந்தார். போன கடிதத்தில் அதைப்பற்றி எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வேலை இல்லை, பயம்தான். இரண்டு மூன்று மாதமாக என் பக்கவாட்டில் ஏதோ சரியில்லை என்று எனக்கே ஒரு சந்தேகம். இடது பக்கம் வைத்த பிரஷ்ஷைத் தேடுவேன். அங்கேயேதான் இருக்கும். ஞாபக மறதி என்று சொல்லிக்கொண்டேன். அண்ணனும் அப்படித்தான் எதையாவது சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

இடது கண்ணில் ஆரம்பித்துவிட்டது அண்ணி. வலது கண்ணில் இன்னும் இல்லை. டாக்டர் சின்ன வயதுப் பெண். கிண்ணம் மாதிரி ஒரு கருவிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னாள். எல்லாம் முடிந்த பிறகு, "நல்ல நேரத்துல வந்துட்டீங்க. பொதுவா யாரும் இந்தக் கட்டத்துல வரவே மாட்டாங்க. மருந்தை விடாம போட்டா இதை இப்படியே நிறுத்தி வைக்கலாம்" என்றாள். யார் சொல்லி வந்தீர்கள் என்றும் கேட்டாள். "எங்கண்ணன்" என்றேன். இவர்தான் மீதியைச் சொன்னார்.

தினம் காலையிலும் மாலையிலும் சொட்டு மருந்து. கொஞ்சம் எரிகிறது. மெஷினுக்கு முன்னால் உட்காரலாமா என்று கேட்டேன். இப்போதைக்குத் தடையில்லை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து அளந்துகொள்ள வேண்டும் என்றாள். அளந்துகொள்கிறேன். அவள் போதும் என்று சொல்லும் நாளில் மெஷினை நிறுத்திவிடுகிறேன். இவருக்கும் அதைச் சொல்லிவைத்துவிட்டேன். மறந்தது போல நடித்தால் ஃபியூஸைப் பிடுங்கிவிடச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணன் தன் கண்ணை மறைத்துக்கொண்டே இருந்திருந்தால் எனக்கு இது தெரிந்திருக்காது. சங்கு அண்ணனின் விரல் போகாமலே அவர் சொல்லியிருக்கலாம்தான். நானும் கேட்டிருக்கலாம். எப்படிப் போட்டுப் பார்த்தாலும் இந்தக் கணக்கு நேராக வரவில்லை அண்ணி. நான் போடுவதை விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நானும் இவரும் கிளம்பி வருகிறோம். சங்கு அண்ணன் வீட்டுக்கு நான் போக வேண்டும். திறக்காவிட்டால் வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

இவ்வளவையும் படித்துவிட்டு, இதை அவருக்குப் படிப்பதா வேண்டாமா என்று நீங்கள் யோசிப்பீர்கள். தங்கைக்கும் வந்துவிட்டதே என்று அவர் துடித்துப்போவார். துடிக்கட்டும் அண்ணி. மறைத்து மறைத்து நாம் எல்லாரும் பட்டது போதும். முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, முதல் வரியிலிருந்து சத்தமாகப் படியுங்கள். ஒரு வரியையும் விடாதீர்கள். விட்டால் அவருக்குத் தெரிந்துவிடும்.

பாப்பா